பழைய எஞ்சின், புதுப் பேரு

பதினெட்டு வருஷம் ஓடின டீசல் எஞ்சின் ஒன்று. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிறார்கள். தேறின பாகத்தை வைத்துக்கொண்டு, தேறாததைக் கடாசிவிட்டு, புதுசு கொஞ்சம் சேர்த்து மறுபடி பூட்டுகிறார்கள். ஜம்மென்று ஓடுகிறது. இப்போது அது பழசா, புதுசா?

பட்டிமன்றம் என்றால் நடுவர் இரண்டு அணிக்கும் மாலை போட்டு அனுப்பிவிடலாம். ரயில்வேக்கு அந்த சௌகரியம் கிடையாது. எஞ்சின் நெற்றியில் வகுப்பை எழுதியாக வேண்டும். எத்தனை டன் மாட்டலாம், எந்த ஸ்பேர் பார்ட் பொருந்தும் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். தப்பாக எழுதினால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும்!

நம்ம ஊர் ஸ்டேஷன்களில் கரும்புகை கக்கிக்கொண்டு வருமே, டபிள்யூ.டி.எம்-2... அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். 2600 குதிரைசக்தி. 'டபிள்யூ' என்றால் அகலப் பாதை, 'டி' டீசல், 'எம்' என்றால் பாசஞ்சர், கூட்ஸ் எது கொடுத்தாலும் இழுக்கும். நம் ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதிரி.

இதற்கு ஆயுசு 36 வருஷம் என்று கணக்கு. பாதியில் பட்டியாலா தொழிற்சாலைக்குப் போய் மறுபிறவி எடுக்கும். பல எஞ்சின்கள் 3100 குதிரைசக்தியோடு திரும்பி வந்தன. அவற்றுக்குப் பேர் டபிள்யூ.டி.எம்-3ஏ. 3 என்றால் மூவாயிரம், 'ஏ' என்றால் கூட ஒரு நூறு.

"அப்ப 2ஏ-ன்னா 2100-ஆ மாமா?" என்று பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அதுதான் இல்ல தம்பி. அது பழைய வழக்கம். அங்க 'ஏ'ன்னா பின்னாடி ஏர் பிரேக் மாட்டினதுன்னு அர்த்தம். சக்தி அதே 2600தான்."

சர்க்கார் எழுத்து. சந்தர்ப்பத்துக்குத் தகுந்தபடி அர்த்தம்!

ஆனால், பி.காம். படித்த எனக்கு அடிப்படை விதி பிடித்துப் போயிற்று. ஒரு மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது ரிப்பேர் செலவு. பழைய நிலையைத் தாண்டிப் போனால் மூலதனச் செலவு. ரயில்வேயும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. எத்தனை போல்ட் பழசு என்று எண்ணவில்லை. என்ன இழுக்கும் என்று பார்த்து வகுப்பைத் தருகிறது.

நம் ஆபீஸ்களில் நேர் எதிர். அசிஸ்டென்ட்டை ராத்திரியோடு ராத்திரியாக சீனியர் அசிஸ்டென்ட் ஆக்குவார்கள். நாற்காலி அதே, ஃபைல் அதே, குதிரைசக்தியும் அதே.

அதற்காக ரயில்வே பூர்வீகத்தை மறைக்கவும் இல்லை. வகுப்பு மாறினாலும் பழைய நம்பர் அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு 'ஆர்' ஒட்டினார்கள். ரீபில்ட். மறுபடி கட்டினது என்று பகிரங்கமாகப் போட்டுக்கொண்டுதான் அது ஊர் ஊராகச் சுற்றியது.

2018-ல் வாரணாசியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு சரக்கு டீசல் எஞ்சின்களின் வயிற்றிலிருந்து டீசலையே எடுத்துவிட்டு, 10,000 குதிரைசக்தி மின்சார ஜோடியாக மாற்றினார்கள். பேரில் இருந்த 'டி' போய் 'ஏ' வந்தது. இது ஏர் பிரேக் 'ஏ' இல்லை, நூறு 'ஏ'யும் இல்லை. ஏ.சி. கரண்ட் 'ஏ'!

மாமாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"பேரு என்ன வேணா வைக்கட்டும் தம்பி. பின்னால பெட்டியை மாட்டினா நகருதா, அதைச் சொல்லு!"