இழப்பீடு கோருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே

சாலை விபத்தில் கால் எலும்பு முறிந்து எங்கள் பிரிவில் சேரும் ஒருவருக்கு நாங்கள் செய்யும் அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கப் பல மாதங்கள் ஆகின்றன. அம்மாதங்களில் வீட்டு வாடகைக்கு என்ன வழி, பிள்ளைகளின் படிப்புச் செலவு எங்கிருந்து வரும், இயன்முறைப் பயிற்சிக்கு வந்துபோக ஆட்டோ கூலியை யார் தருவது என்னும் கேள்விகளுக்கு எங்கள் மருந்துச் சீட்டில் விடை இல்லை. கையில் பணம் இல்லாமையால் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, பின்னர் மடங்காத முழங்காலுடன் திரும்பி வருவோரை எலும்பு மருத்துவர்கள் எல்லோருமே கண்டிருப்பர். ஆகவே, சட்டப்படி கிடைக்க வேண்டிய இழப்பீட்டைக் கேட்டுப் பெறுவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

இதைச் சொல்லும்போது பல குடும்பங்கள் தயங்குகின்றன. "உயிர் பிழைத்ததே பெரிது, இனிக் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டுமா?" என்கிறார்கள். அடிபட்டதைக் காட்டிப் பணம் பண்ணுவதாக ஊர் பேசுமோ என்றும் அஞ்சுகிறார்கள். இந்தத் தயக்கத்துக்குத் தேவையில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பிறரால் காயமுற்றவருக்கு ஈடு செய்வதற்காகவே அந்தப் பிரீமியம் ஆண்டுதோறும் கட்டப்படுகிறது. காப்பீடு நடப்பில் இருந்தால், பெரும்பாலும் பணம் தருவது காப்பீட்டு நிறுவனமே. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகப் பெற்றவர்களும் இழப்பீடு கேட்கும் உரிமையை இழப்பதில்லை.

இழப்பீட்டுக்கான கோப்பு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்கிவிடுகிறது. அங்குள்ள மருத்துவர், காயம் எப்படி நேர்ந்தது என்று கேட்டு, நீங்கள் சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். போலீஸ், வழக்கு என்னும் அச்சத்தில், "தானாக வழுக்கி விழுந்துவிட்டார்" என்று உடன் வந்தவர்கள் சொல்லிவிடுவது உண்டு. பின்னர் வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கார் மோதியிருந்தால் கார் மோதியது என்றே சொல்லுங்கள். வாகன எண் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். யாரோ சொல்லிக் கொடுத்த எண்ணை ஒருபோதும் சொல்லாதீர்கள். பொய்யான ஒரு விவரம் உண்மையான காயத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாவதையும் உறுதி செய்யுங்கள். உயிருக்குப் போராடுபவரின் அருகில் இருந்ததால் புகார் கொடுக்கத் தாமதமானது என்றால், அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்கள். தாமதம் ஒன்றை மட்டுமே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அடுத்தது காகிதங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், மருந்துக் கடை ரசீதுகள், இயன்முறைப் பயிற்சி நாள்களின் பதிவு, வண்டிக் கூலிக் கணக்கு ஆகியவற்றை ஒரே பையில், தேதி வாரியாக வைத்திருங்கள். வேலைக்குச் செல்லாத நாள்களுக்கு முதலாளியிடமோ அலுவலகத்திடமோ கடிதம் பெறுங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. எனவே எங்களிடம் நகல் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

காலமும் முக்கியம். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும் என்னும் விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கின்றன. எனினும் அவற்றை நம்பிக் காத்திருப்பது விவேகம் ஆகாது. ஊனச் சான்றிதழ் கிடைத்த பிறகே மனு கொடுக்க முடியும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எலும்பு கூடி, மூட்டின் அசைவு ஒரு நிலைக்கு வந்த பின்னரே நிரந்தர ஊனத்தை மதிப்பிட இயலும். மனுவை முன்னரே கொடுத்துவிட்டு, அச்சான்றிதழைப் பின்னர்ச் சாட்சியமாக அளிக்கலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாதபோது, உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் வழங்கும் திட்டம் தனியே இருக்கிறது. அதற்கு வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு மருத்துவனாக நான் வலியுறுத்த விரும்புவது இன்னொன்று. "விழுக்காட்டைக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள், டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. அதை நாங்கள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மேலும், நீங்கள் நினைக்கும் அளவுக்கு அந்த எண் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஒரு வேறுபாட்டைக் காட்டியது. உடலின் ஊனம் ஒன்று. அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு மற்றொன்று. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பே ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரக்கூடும். காயம் ஒன்றுதான், இழப்பு ஒன்றன்று.

ஆகவே, எண்ணைக் கூட்டும்படி கேட்பதற்குப் பதிலாக, உங்கள் வேலையை எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். குந்தி உட்கார்ந்து செய்யும் வேலையா, ஏணி ஏறும் வேலையா, ஒரு நாளில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்று சொல்லுங்கள். "கொத்தனார், சாரத்தில் ஏற இயலாது, குந்த இயலாது" என்று மருத்துவர் நேர்மையாக எழுதும் ஒரு வரி, கூட்டி எழுதிய விழுக்காட்டைவிட உறுதியாக நிற்கும். வீட்டு வேலை செய்யும் பெண்களும் தங்களால் இப்போது செய்ய இயலாதவற்றைச் சொல்ல வேண்டும், அதுவும் இழப்பே.

உள்ளே பொருத்திய தகட்டை அகற்றப் பின்னர் இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். எதிர்காலச் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டில் கோரலாம். இது தெரியுமுன் அவசரப்பட்டுச் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். லோக் அதாலத்தில் வழக்கை முடிப்பது நல்ல வழிதான். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு இல்லை.

இறுதியாக, வழக்கறிஞர் பற்றி. படுக்கைக்கு அருகில் வந்து, "கேஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கிடைப்பதில் இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று கூறி வெற்றுத் தாளிலோ வக்காலத்திலோ கையெழுத்துக் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். வழக்கறிஞர்கள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. நீங்களே தேடி, விசாரித்து, கட்டணத்தை முன்கூட்டியே பேசி ஒருவரை அமர்த்துங்கள். வசதி இல்லாதோர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. தெளிவான கையெழுத்தில் உண்மையான குறிப்பு, தாமதமில்லாத நகல், தீர்ப்பாயம் அழைக்கும்போது தவறாது சாட்சியம் ஆகிய மூன்றையும் எங்களிடம் எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டுடன் அந்தக் காகிதப் பையையும் எடுத்து வாருங்கள். அதில் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்வதும் எங்கள் பணியே.