தெரிந்துகொள்ளப்படுவது பட்டம் அல்ல



"நாங்கள் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்" என்று சிலர் சொல்லும்போது அதில் பெருமை தொனிக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. யாக்கோபு பிறந்து, நன்மை தீமை எதுவும் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளப்பட்டார் என்கிறது ரோமர் 9-ஆம் அதிகாரம். தகுதியால் கிடைக்காததில் பெருமைக்கு இடம் ஏது? ஆபிரகாமை அழைத்ததும் மற்ற வம்சங்கள் ஆசீர்வதிக்கப்படத்தான். வாத்தியாராக இருந்த எனக்குத் தெரியும்: வகுப்புத் தலைவனை நியமிப்பது அவனுக்காக அல்ல, வகுப்புக்காக.

வாக்குத்தத்தம் உடனே கைக்கு வந்துவிடுவதும் இல்லை. கானான் தேசம் முழுவதும் உனக்கே என்று கேட்ட ஆபிரகாம், மனைவி சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கினார். கல்லறைக்கான அந்த நிலம்தான் அவர் கண்ட சொந்தம். ஆனாலும் தேவன் சொன்னது தவறவில்லை. சந்ததியார் அந்தத் தேசத்தில் குடியேறினார்கள்.

நம் கொல்லிமலையிலும் அப்படி ஒரு கல்லறை உண்டு. வைத்தியமும் கல்வியும் சுவிசேஷமும் கொண்டுவந்த ஜெசி பிராண்ட் ஐயா 1929-ல் காய்ச்சலில் இறந்தார். ஏன் ஆண்டவரே என்று அன்று எத்தனை பேர் அழுதிருப்பார்கள்! அவர் மனைவி ஈவ்லின் அம்மா 1974-ல், 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களுக்காகவே உழைத்தார். இம்மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்தினார். ஜெசி ஐயா இதையெல்லாம் பார்க்கவில்லை.

ஜெபத்துக்குப் பதில் வரவில்லையே என்று சோர்ந்திருக்கிறீர்களா? நம் ஆயுசு முடிவதோடு கர்த்தருடைய கணக்கு முடிவதில்லை. அவர் உண்மையுள்ளவர்.