சரக்கு என்னவென்று அறியாதவர்கள்



2025 ஜூன் 1 அன்று ரஷ்யாவின் விமானப்படைத் தளங்களை உக்ரைன் தாக்கியதைப் பற்றியது இந்த இதழின் அட்டைப்படக் கட்டுரை. ‘சிலந்தி வலை’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கட்டுரையைப் படித்து முடிக்கும் எவருக்கும் முதலில் வருவது வியப்புதான். எங்கள் ஆசிரியர் குழுவிலும் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது. எனக்கு மட்டும், கட்டுரையில் இரண்டு வரியில் வந்துபோகும் சிலரை விட்டு மனம் நகரவில்லை. அந்த ட்ரோன்களை ஏற்றிக்கொண்டு சைபீரியா வரை போன லாரி ஓட்டுநர்களைத்தான் சொல்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உக்ரைனின் உளவு அமைப்பான எஸ்.பி.யூ. ஒன்றரை ஆண்டுக்கு மேல் திட்டமிட்டு, சிறிய ட்ரோன்களை ரஷ்யாவுக்குள் கடத்திக் கொண்டுபோனது. மரத்தால் செய்த சிறு வீடுகளின் கூரைக்கு அடியில் அவை அடுக்கப்பட்டன. அந்த வீடுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு விமானத் தளங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றன. குறித்த நேரத்தில் கூரைப் பலகைகள் தொலைவிலிருந்தே திறக்கப்பட, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக ட்ரோன்கள் கிளம்பின. மொத்தம் 117 என்றார் உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி. அவற்றை இயக்கியவர்கள் ரஷ்யாவின் செல்போன் அலைவரிசையையே பயன்படுத்திக்கொண்டார்கள். துருவப் பகுதியிலிருக்கும் ஒலேன்யா, மாஸ்கோவுக்கு அருகே ரியாசானிலுள்ள டியாகிலெவோ, இவானோவோ, சைபீரியாவின் பெலாயா என நான்கு தளங்கள் தாக்கப்பட்டன. தூரக் கிழக்கிலுள்ள ஐந்தாவது தளத்தை நோக்கிப் போன லாரி வழியிலேயே எரிந்துபோனது. பெலாயா உக்ரைன் எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினால் எந்த எதிரியாலும் தொட முடியாது என்று ஒரு வல்லரசு நம்பியது. அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துபோனது.

41 விமானங்கள் தாக்கப்பட்டதாக உக்ரைன் அறிவித்தது. சுமார் இருபது தாக்கப்பட்டன, பத்து வரை முழுக்க அழிந்தன என்பது அமெரிக்க அதிகாரிகள் சொன்ன கணக்கு. சிறிய கணக்கை எடுத்துக்கொண்டாலும் இழப்பு பெரியதுதான். டி.யூ-95, டி.யூ-22எம்3 ஆகிய இந்தக் குண்டுவீச்சு விமானங்கள் சோவியத் காலத்துச் சரக்கு. இவற்றைச் செய்த தொழிற்கூடங்கள் 1990களிலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டன. எரிந்த விமானத்துக்குப் பதிலாக இன்னொன்றைச் செய்து நிறுத்த இன்று ரஷ்யாவால் முடியாது.

இந்த விமானங்கள் மீது எனக்கு எந்தப் பரிவும் கிடையாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 8 அன்று காலையில் கீவ் நகரின் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனை மீது ஏவுகணை விழுந்ததே, நினைவிருக்கிறதா? கட்டிட இடிபாடுகளுக்கு நடுவில் மருத்துவர்கள் ரத்தக் கறையோடு நின்றார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்த பிள்ளைகளைக் கையில் மருந்துக் குழாயோடு தெருவில் உட்காரவைத்திருந்தார்கள். விழுந்தது கே.எச்-101 வகை ஏவுகணை. டி.யூ-95 போன்ற விமானங்கள் தங்கள் சொந்த வான் எல்லைக்குள் பறந்தபடியே ஏவுவது அந்த வகையைத்தான். விமானிக்கு உக்ரைன் கண்ணிலேயே படாது. அவர் ஏவிவிட்டுத் திரும்பி, தளத்தில் இறங்கிச் சாப்பிடப் போய்விடலாம். அப்படிப்பட்ட விமானம் தரையில் நிற்கும்போது, மனித உயிருக்குச் சேதமில்லாமல் அதை எரிக்க முடியுமானால், போர் என்ற கொடுமைக்குள் அதைவிட நியாயமான இலக்கு எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது இதே வகை விமானங்கள் உக்ரைனிடமும் இருந்தன. உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கிடங்கு அன்று அந்த மண்ணில்தான் இருந்தது. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள். அணு ஆயுதத்தைக் கைவிடுவதாக உக்ரைன் ஒப்புக்கொண்டது. அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. பல விமானங்கள் அமெரிக்கப் பணத்தில் துண்டு துண்டாக வெட்டப்பட்டன. 1999இல் எட்டு டி.யூ-160, மூன்று டி.யூ-95, கூடவே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஏவுகணைகள் எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவுக்கே கொடுக்கப்பட்டன. மிஞ்சிய சில பொல்தாவா நகர அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ஜூன் 1 தாக்குதலுக்காக, விமானத்தின் எந்த இடத்தில் அடித்தால் தீப்பிடிக்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க அந்த அருங்காட்சியக விமானங்களையே படம் பிடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. கடனுக்குக் கொடுத்த ஆயுதமே வீட்டின் மேல் திரும்பி வந்து விழுவதைப் பார்த்த ஒரு நாட்டின் கோபம் எனக்குப் புரிகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் அந்த ஓட்டுநர்களைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு வருகிறது.

ரஷ்ய ஊடகங்களில் வந்த அவர்களின் வாக்குமூலங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மர வீடுகளை இன்ன ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள், வாடகை பேசினார்கள், ஏற்றினோம். வழியில் போன் வந்தது. இன்ன பெட்ரோல் நிலையத்தருகே நிறுத்து என்றார்கள், நிறுத்தினோம். தலைக்குப் பின்னால் கூரை திறந்தது. நெடுஞ்சாலையில் பிழைப்பு நடத்தும் எந்த ஓட்டுநரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரக்கு. அதைத் தாண்டிக் கேட்பது ஓட்டுநரின் வேலையில்லை. அன்றைய காணொளிகளில் ஒன்றில், லாரியின் மேல் ஏறிய சிலர், உள்ளேயிருந்து எழும்பும் ட்ரோன்களைக் கல்லால் அடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். போர் தங்கள் சாலைக்கே வந்துவிட்டது என்று அந்தக் கணத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடவடிக்கையில் தங்களுக்கு உதவிய ஆட்களை முன்கூட்டியே ரஷ்யாவிலிருந்து பத்திரமாக வெளியேற்றிவிட்டதாக ஸெலென்ஸ்கி சொன்னார். அது உண்மையாக இருக்கட்டும். அந்த அக்கறை பெரிய விஷயம். ஆனால் ஓட்டுநர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் சொன்ன வழியில் போனார்கள், சிலர் பிடிபட்டார்கள்.

பிடிபட்டவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2022 அக்டோபர் 8 அன்று கிரிமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் கெர்ச் பாலத்தின் மேல் ஒரு லாரி வெடித்தது. அதையும் தாங்களே செய்ததாக எஸ்.பி.யூ. பின்னாளில் ஒப்புக்கொண்டது. பிளாஸ்டிக் படலச் சுருள்களுக்குள் வெடிமருந்து மறைத்துவைக்கப்பட்டிருந்தது. லாரியை ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்தார். பாலத்தில் வேறு காரில் போய்க்கொண்டிருந்தவர்களும் இறந்தார்கள். சரக்குப் போக்குவரத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் தொடர்புபட்ட எட்டுப் பேருக்கு 2025 நவம்பரில் ரஷ்ய ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சரக்கில் என்ன இருந்தது என்றே தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் தெரியாமல்தான் பயன்படுத்தப்பட்டார்கள் என்று அந்த நடவடிக்கையை நடத்திய எஸ்.பி.யூ.வின் அப்போதைய தலைவர் வாசில் மாலியுக்கே பேட்டியில் சொல்லியிருந்தார். அடித்தவரே சாட்சி சொல்லியும் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை.

இதனால் உக்ரைன் செய்தது தவறு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. மருத்துவமனை மேல் ஏவுகணை விழும் ஊரில் இருந்துகொண்டு திட்டம் தீட்டுகிறவரிடம், இந்திய நகரமொன்றின் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் கணக்குக் கேட்க முடியாது. நான் கேட்பது நம்மை. இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் எண்ணுவது விமானங்களை. ட்ரோன் ஒன்றின் விலையையும் விமானத்தின் விலையையும் அருகருகே வைத்து வியக்கிறோம். ஓட்டுநரை யாரும் எண்ணுவதில்லை. படைவீரருக்கு ஆணை உண்டு, சீருடை உண்டு, பிடிபட்டால் போர்க்கைதி என்ற உரிமையாவது உண்டு. தெரியாமல் சுமந்தவருக்கு அதுகூட இல்லை. பிடித்தவருக்கு அவர் துரோகி, அனுப்பியவருக்கு அவர் வழியில் கழன்று விழுந்த ஆணி.

ஜூன் 1 தாக்குதலுக்குப் பிறகு, பெலாயா தளம் இருக்கும் இர்குட்ஸ்க் பகுதிச் சாலைகளில் லாரிகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதித்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. அடுத்த இரண்டே வாரத்துக்குள், ஜூன் 13 அன்று, ஈரானுக்குள் முன்கூட்டியே கடத்தி மறைத்திருந்த ட்ரோன்களைக் கொண்டு இஸ்ரேல் அந்நாட்டின் ஏவுகணை ஏவுதளங்களைத் தாக்கியது. அதற்குப் பிறகு ஈரானிலும் சிறு லாரிகள் சந்தேகத்தோடு நிறுத்தப்பட்டன. நம் நாடும் இதற்கு வெளியே இல்லை. 2021 ஜூன் 27 அதிகாலையில் ஜம்மு விமானப்படை நிலையத்தின் மேல் ட்ரோன்கள் வெடிபொருளைப் போட்டன. இரண்டு வீரர்கள் லேசான காயத்தோடு தப்பினார்கள். விமானங்களுக்குக் கான்கிரீட் கொட்டகை கட்டலாம், வலை விரிக்கலாம், அலைவரிசையை முடக்கலாம். அதற்கெல்லாம் பல நாடுகள் இப்போது பணம் ஒதுக்குகின்றன. சாலையில் போகும் சரக்கு வண்டியை மட்டும் எந்த நாட்டாலும் நிறுத்திவைக்க முடியாது. அரிசியும் மருந்தும் அதில்தான் வருகின்றன.

அட்டைப்படக் கட்டுரையைத் தொகுத்தபோது, ட்ரோன் பறந்த பாதையை விளக்கும் பெரிய வரைபடத்துக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தோம். கடைசி நேரத்தில் அதைப் பாதியாகச் சுருக்கி, மீதி இடத்தில் ஓட்டுநர்களின் வாக்குமூலங்களையும் கெர்ச் பால வழக்கின் விவரத்தையும் சேர்த்திருக்கிறோம். 34ஆம் பக்கத்தில் இருக்கிறது. வரைபடத்தின் எழுத்துக்கள் சிறிதாகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாசகர்களில் லாரித் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம். நாமக்கல், சங்ககிரி பக்கத்திலிருந்து வரும் கடிதங்களே அதற்குச் சாட்சி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏற்றும் சரக்கைத் திறந்து பார்க்கும் உரிமை ஓட்டுநருக்கு நடைமுறையில் எந்த அளவுக்கு இருக்கிறது? சீட்டில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்து சோதனைச் சாவடியில் மாட்டினால் பொறுப்பு யார் தலையில் விழுகிறது, முதலாளி தலையிலா, புக்கிங் ஆபீஸ் தலையிலா, உங்கள் தலையிலா? உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். விரும்பாதவர்களின் பெயரை வெளியிட மாட்டோம். வரும் கடிதங்களை வைத்து அடுத்த இதழில் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்