சொசைட்டியில் நோய்க்கும் கடன் வேண்டும்

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய ஒரு கடைசி நாள் வைக்கிறார்கள். அது நெருங்கினால் எங்கு திரும்பினாலும் அந்த விளம்பரம்தான். பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிறது. ராமநாதபுரத்து மானாவாரி விவசாயி ஒன்றரை சதவீத பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டிவிடுகிறார். கண்மாய் பெருகாமல் பயிர் கருகினால் அவருக்குப் பணம் எப்போது வரும்? அதற்கு மட்டும் எந்த விளம்பரத்திலும் கடைசி நாள் இல்லை.

அதற்குள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் மதுரைக்குப் போய்வரும் பஸ் செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி, வெளியே வாங்கச் சொல்லும் மாத்திரை இதெல்லாம் யார் கணக்கு? மழை பொய்த்த வருஷத்தில் குடும்பத்தைச் சாய்ப்பது இந்தச் செலவுதான். முதலில் ஆடு விற்கிறது, அப்புறம் தோடு அடகுக்குப் போகிறது.

நிவாரணத்தையும் பாருங்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் அப்போதைய 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தபோது, நெல் தவிர்த்த மானாவாரிப் பயிருக்குக் கிடைத்தது ஏக்கருக்கு 3,000 ரூபாய். 2022இல் திருத்திய மத்திய விதிப்படி ஹெக்டேருக்கு 8,500, அதாவது ஏக்கருக்குச் சுமார் 3,440. நோயாளி இருக்கும் வீட்டில் இது எத்தனை நாளைக்கு வரும்?

ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம். கூட்டுறவு சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. வேறு வழியில்லை. நோய்க்கென்று கேட்டால் நகை எங்கே என்கிறார்கள். நகைதான் முன்பே போய்விட்டதே! உரத்துக்கு வாங்கிய பணம் மருந்தாகிறது, பயிரும் காய்கிறது, கெடு தவறுகிறது. கெடுவுக்குள் கட்டினால் கிடைக்கும் வட்டிச் சலுகை போகிறது, அடுத்த போகத்துக்குக் கடனும் இல்லை. நேர்மையாக உழைத்த மனிதர் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். அவரை அங்கே அனுப்பியது நம் விதிமுறை.

கூட்டுறவுத் துறை நோய்க்கென்றே கடன் தரட்டும். நகை கேட்காமல், அரசு மருத்துவமனைச் சீட்டையே சான்றாக ஏற்றுத் தரட்டும். மாவட்டம் வறட்சி பாதித்தது என்று அறிவிக்கப்பட்டால், அந்தக் கடனின் தவணை மனு எதுவும் இல்லாமலே அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போக வேண்டும்.

குத்தகைக்காரரை இதிலும் வெளியே நிறுத்திவிடாதீர்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் போட்டோம். இன்றும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளருக்குப் பயம்; வற்புறுத்தினால் நிலமே கிடைக்காது என்று உழுபவருக்குப் பயம். கருகியது உழுதவரின் உழைப்பு, நிவாரணம் போவதோ பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கு. கிராம நிர்வாக அலுவலர் வயலில் இறங்கிப் பார்த்து, பயிர் வைத்தவர் பெயரை அடங்கலில் எழுதட்டும். அடுத்த சம்பாவிலேயே எழுதட்டும்.