செபித்த கையோடு ஒரு மடல்

1996 ஜூலை 8 அன்று, ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம், அணு ஆயுதக் களைவுப் பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்துடன் நடத்தி முடிப்பது நாடுகளின் கடமை என ஒருமனதாக உரைத்தது. அக்கருத்து கேட்கப்பட்டதில் எளிய குடிமக்களின் கையொப்பங்களுக்கும் பங்குண்டு. 2017 செப்டம்பர் 20 அன்று, அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் கையொப்பத்திற்குத் திறக்கப்பட்ட நாளிலேயே, திருப்பீடம் அதில் ஒப்பமிட்டது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றும் ஒப்பமிடவில்லை. நம் நாடும் அவற்றுள் ஒன்று.

'இது அரசியல், திருச்சபைக்கு ஏன்?' என்போரை நாம் கேட்கிறோம்: திருப்பலியில் சமாதானம் பகிர்ந்த கரங்கள், வெளியே வந்து அணுகுண்டுக்குக் கைதட்டலாமோ? பசிக்குத் திருடியவனைத் தண்டிக்கும் சட்டம், நகரங்களையே எரிக்க வல்ல அரசுகளைக் கட்டுப்படுத்தலாகாதோ?

அமைதிக்காகச் செபிப்போம், செபித்த கையோடு, ஒப்பந்தத்தில் நம் நாடு சேர வலியுறுத்தி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு அன்பியந்தோறும் மடல் எழுதுவோம்.