மில்வாக்கி: நீல நகரத்தில் யாருடைய வாக்கு?

நமக்கு நீலம் என்றால் அண்ணல் அம்பேத்கரின் கொடி. அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தில் நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி. ஒரு நகரம் அந்த வரைபடத்தில் நீலமாகத் தெரிந்தாலே அது முற்போக்கு நகரம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிற பழக்கம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி ஒன்றே போதும்.

2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 5,77,000 பேர். பத்தில் நான்கு பேர் கறுப்பர்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நகரத்தின் வாக்குகளில் ஏறத்தாழ பத்தில் எட்டு பைடனுக்கு விழுந்தன. வரலாறோ இன்னும் சிவப்பு: 1910இல் எமில் சைடல், 1916 முதல் 1940 வரை டேனியல் ஹோன், 1948 முதல் 1960 வரை ஃபிராங்க் ஸைட்லர் என மூன்று சோசலிஸ்ட் மேயர்களைத் தேர்ந்தெடுத்த நகரம் அது. பாதாளச் சாக்கடை, பூங்கா, பொதுச் சுகாதாரம் என்று உழைத்ததால் 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வந்தது. எல்லாத் தெருவிலும் கறுப்பர்கள் குடியேற முடிந்ததா? இல்லை. வடக்கே கறுப்பர்கள், தெற்கே வெள்ளையர்கள், நடுவே மெனோமினி பள்ளத்தாக்கு. அதன் மேல் செல்லும் 16ஆம் தெருப் பாலத்தை, ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைக்கும் உலகின் மிக நீளமான பாலம் என்று உள்ளூரிலேயே கிண்டலடித்தார்கள். ஊர், சேரி என்று பிரிந்த மண்ணில் பிறந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1962இல் நகரமன்ற உறுப்பினர் வெல் ஃபிலிப்ஸ், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண், முதல் கறுப்பர் அவர். எதிராக 18 வாக்குகள். ஆதரவாக ஒன்று, அவருடையது மட்டும். எதிர்த்த 18 பேரும் தென்மாநிலத்திலிருந்து இறங்கியவர்கள் அல்ல, இதே நகரம் தேர்ந்தெடுத்தவர்கள். 1964இல் இனப்பிரிவினையின் முகமாக இருந்த ஜார்ஜ் வாலஸ், விஸ்கான்சினில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார். தெற்கு மில்வாக்கியில் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அதே நீலக் கட்சிதான்!

1967 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின இளைஞர்களும் பாதிரியார் ஜேம்ஸ் குரொப்பியும் அந்தப் பாலத்தைக் கடந்து தெற்கே நடந்தார்கள். எதிரே ஆயிரக்கணக்கில் வெள்ளையர் கும்பல். கல்லும் பாட்டிலும் பறந்தன. ஆனாலும் 200 இரவுகள் விடாமல் நடந்தார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு, கூட்டாட்சி அரசு வீட்டுரிமைச் சட்டம் கொண்டுவந்த பிறகே நகரமன்றம் இறங்கி வந்தது.

இப்போது 2016க்கு வருவோம். டிரம்ப் விஸ்கான்சினை வென்றது 22,748 வாக்குகளில். மில்வாக்கியில் பதிவான வாக்குகள் 2012ஐவிடச் சுமார் 41,000 குறைவு. உடனே கறுப்பர்கள் வாக்களிக்க வரவில்லை, அவர்களால்தான் தோற்றோம் என்று புலம்பல் கிளம்பியது. குடியரசுக் கட்சி 2011இல் நிறைவேற்றிய அடையாள அட்டைச் சட்டம் அமலில் இருந்த முதல் அதிபர் தேர்தல் அது என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? சரிவு முழுவதற்கும் அந்தச் சட்டமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அந்த மக்களின் தெருவுக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று புலம்பியவர்களைக் கேட்கிறோம்.

வந்தவர்களுக்கு மட்டும் என்ன மரியாதை? 2020 ஏப்ரல் 7, கொரோனா உச்சத்தில் தேர்தலைத் தள்ளிவைக்க மறுத்தார்கள். பணியாளர் பற்றாக்குறையால் மில்வாக்கியின் 180 வாக்குச்சாவடிகள் வெறும் 5 ஆகச் சுருங்கின. பாதிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட மேடிசனில் 66 சாவடிகள் திறந்திருந்தன. மில்வாக்கி மக்கள் முகக்கவசத்தோடு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் டிரம்ப் தரப்பு 30 லட்சம் டாலர் கட்டி மறுஎண்ணிக்கை கேட்டது. மாநிலம் முழுவதற்கும் அல்ல. மில்வாக்கி, டேன் ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும்.

2018 மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 53 விழுக்காடு வாக்கு வாங்கியும் 99 இடங்களில் 36தான் கிடைத்தது. தொகுதி எல்லைகளை வரைந்தவர்கள் அப்படி வரைந்திருந்தார்கள். மேடிசனையும் மில்வாக்கியையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எங்களுக்குத் தெளிவான பெரும்பான்மை என்று பேசினார் அவைத் தலைவர் ராபின் வாஸ். கறுப்பர்கள் அதிகம் வாழும் நகரத்தைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதைத்தான் அவர் மக்கள் என்கிறார். அந்த எல்லைகள் நீதிமன்றத்தில் வீழ்ந்து மாற 2024 ஆனது.

இரண்டு கட்சிகளும் ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. ஒரு கட்சி அந்த வாக்கைத் தடுக்கப் பார்க்கிறது. இன்னொன்று அதைத் தன் வீட்டுச் சொத்தாக நினைக்கிறது. தடுப்பவரை எதிர்க்க வேண்டும் என்பதற்காக, சொத்தாக நினைப்பவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, இனி ஒரு நகரத்தின் அரசியலைப் பேசும்போது எந்தக் கட்சி வென்றது என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள்? சாவடி யார் தெருவில் இருக்கிறது? எல்லையை வரைந்தது யார்? சந்தேகம் வரும்போது யாருடைய வாக்கை முதலில் திருப்பி எண்ணுகிறார்கள்? பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் மறக்காத நாம், மில்வாக்கியைப் பற்றியும் இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்.