ஏமாளி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

"பேராசைப்பட்டிருப்பான், போச்சு." போனில் பேசியே லட்சக்கணக்கில் சுருட்டிய செய்தி பேப்பரில் வந்தால், டீக்கடை பெஞ்சிலிருந்து குடும்ப வாட்ஸாப் குழு வரை தீர்ப்பு இதுதான். இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறவர்களும் உண்டு: "நாம உஷாரா இருந்தா எவனும் ஒண்ணும் பண்ண முடியாது." எப்படிச் சொன்னாலும் குற்றவாளி ஏமாந்தவர்தான். படித்தவர்கள்தான் இதை அழுத்தமாகச் சொல்கிறார்கள். நமக்கு இது நடக்காது என்ற நிம்மதி அதில் இலவசமாகக் கிடைக்கிறதே!

அந்த அழைப்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். காலை பத்தரை மணி, வீட்டில் பெரியவர் மட்டும். "உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய ஒன்பதை அழுத்தவும்" என்று ஒரு பதிவுக் குரல். அழுத்தினால் தன்மையாகப் பேசும் ஒரு ஆள். பெயர், முகவரி, ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் எல்லாவற்றையும் அவனே ஒப்பிக்கிறான். உங்கள் பெயரில் மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதை வைத்துப் பண மோசடி நடந்திருக்கிறது என்கிறான். "நீங்க நல்லவர்னு தெரியுது சார், நானே போலீஸுக்கு லைன் போட்டுத் தர்றேன்." அடுத்து வீடியோவில் காக்கிச் சட்டை வருகிறது. எஃப்.ஐ.ஆர். நகல் ஒன்று முத்திரையோடு வாட்ஸாப்பில் வந்து விழுகிறது. போனை வைக்கக் கூடாது, வீட்டில் மூச்சுவிடக் கூடாது, விட்டால் பிள்ளைகளும் கேஸில் வருவார்கள். கடைசியில்தான் பணம்: "இந்தக் கணக்குக்கு மாத்துங்க, சரிபார்த்துட்டுத் திருப்பிடுவோம்."

இதில் பேராசை எங்கே இருக்கிறது? ஒரு ரூபாய் லாபம் தருவதாக யாராவது சொன்னார்களா? இந்த வலையில் விழுவதற்கு வேண்டிய தகுதிகள் வேறு: சட்டத்துக்குப் பயப்பட வேண்டும், அரசாங்க முத்திரையைக் கண்டால் கை கட்ட வேண்டும், பெயர் கெடக் கூடாது என்று நினைக்க வேண்டும். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வுபெற்றவர்தான் இதைக் கேட்டு அதிகம் நடுங்குவார். பேட்டை ரவுடிக்கு இந்த போன் வந்தால் சிரிப்பான். போலீஸ் எப்படிக் கூப்பிடும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த மிரட்டலுக்குப் பெயர் 'டிஜிட்டல் கைது'. அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். சரிதான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் எதிர்க்கேள்வி கேட்காமல் போய் நிற்க வேண்டும் என்று இந்த ஊர் ஜனங்களைப் பழக்கியது யார்? அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் அறுவடை செய்கிறான்.

படிப்பும் பணமும் காப்பாற்றும் என்பவர்களுக்கு வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் போதும். பத்மபூஷண் பெற்றவர். 2024இல், 82 வயதில், ஸ்கைப்பில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி, தலைமை நீதிபதி பெயரில் ஒருவனை உட்காரவைத்து, அவரிடமிருந்து 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். நாடு முழுக்க வணிகம் செய்தவரை ஏமாளி என்று சொல்லிவிட முடியுமா? அவர் போலீஸுக்குப் போனார், பத்திரிகைகளிடமும் வெளிப்படையாகப் பேசினார். 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது.

நம் தெருக்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பணம் போன பிறகு நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தால் இல்லை, மகன் என்ன சொல்வான் என்ற கூச்சத்தால். "உனக்கு எதுக்கும்மா ஸ்மார்ட்போன்" என்று அவன் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தான். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அடித்தால், பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நான்கு நாள் கழித்து அடித்தால் புகார் எண் மட்டும்தான் மிஞ்சும். அந்த நான்கு நாளைத் திருடனுக்குத் தானம் செய்தது டீக்கடைத் தீர்ப்பு. ஏமாந்தவரைக் கேலி செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் அடுத்து ஏமாறப்போகிறவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பேராசையே இல்லையா என்றால், இருக்கிறது. ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தரும் டெலிகிராம் குழுக்களும் 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' வேலைகளும் ஆசையைத் தூண்டித்தான் பிழைக்கின்றன. ஈமு கோழி வளர்ப்பு மோசடியைப் பார்த்த ஊர் இது. அதற்காகத் திருடனைவிடப் பறிகொடுத்தவரை அதிகம் திட்டுவது என்ன நியாயம்?

சரி, உஷாராகவே இருப்போம். நம்பரைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆடித் தள்ளுபடியில் ஒரு ஜாக்கெட் துணி எடுத்தாலும் பில் போடுமுன் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். அபார்ட்மென்ட் வாசலில் நோட்டு, ஆஸ்பத்திரியில் பாரம், மால் வாசலில் கார் பரிசுக் குலுக்கல். தொல்லை அழைப்பு வேண்டாம் என்று பதிவுசெய்யும் ஏற்பாடு 2007இலிருந்தே இருக்கிறது. அதற்கான 1909 என்ற எண்ணில் பதிந்தும் மதியத் தூக்கத்தில் "பர்சனல் லோன் வேணுமா சார்" வருகிறது. விளம்பர அழைப்பு 140இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்று விதி. வருவதோ சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து. வெளிநாட்டிலிருந்து +91 வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் மாட்டியதாக அறிவித்தது. அதுவரை அவை எல்லாம் யார் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தன? குழியை மூடாமல் 'பார்த்துப் போகவும்' என்று பலகை மட்டும் நடும் நகராட்சி மாதிரி, யாருக்கு போன் போட்டாலும் நமக்கு எச்சரிக்கை உரை மட்டும் பல மாதம் ஓடியது.

ஏமாந்தவர்தான் குற்றவாளி என்ற இந்த நம்பிக்கை வங்கிகளுக்கும் ரொம்ப வசதி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் ரகசிய விவரத்தைப் பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க அவர் தலையில்தான் என்றது. மிரட்டலுக்குப் பயந்து தானே அனுப்பியவர் பாடு இன்னும் மோசம். பணம் போய்ச் சேர்வதோ, சில ஆயிரம் ரூபாய்க்கு யாரோ வாடகைக்கு விட்ட ஒரு சேமிப்புக் கணக்கில். நம் கே.ஒய்.சி. ஒரு மாதம் தாமதமானால் கணக்கை முடக்கத் தெரிந்த வங்கிக்கு, நேற்றுவரை 600 ரூபாய் இருந்த கணக்கில் இன்று 20 லட்சம் வந்து பத்து நிமிடத்தில் பறந்தது கண்ணில் படவில்லையாம்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. தன் பணமும் போகும் என்ற பிறகு திருட்டுக் கணக்கைத் தேடிப் பிடிக்க வங்கிக்கே அக்கறை வந்துவிடுகிறது. இங்கே 2024இல் மட்டும் சைபர் மோசடியில் 22,845 கோடி ரூபாய் போனதாக நாடாளுமன்றத்திலேயே கணக்குச் சொன்னார்கள். அதில் எத்தனை ரூபாயை வாங்கிய வங்கியின் பங்கிலிருந்து எடுப்பது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாமோ இன்னும் ஆசிரியையிடம், "ஏம்மா, இதுகூடவா தெரியாது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.